பாட்டு நின்றால் பெட்டியை மாற்றுவதா?

காரில் பாட்டு நின்றுபோனால் பலரும் முதலில் செய்யும் காரியம், கடைக்குப் போய்ப் புது ஸ்டீரியோ விலை கேட்பதுதான். சென்னைவாசி என்றால் நேராக ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆகும், அதற்குக் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வராது. புதுப் பெட்டிக்கு மட்டும் சில ஆயிரங்கள் தாராளமாக வரும்! பிறகு கடைக்காரர் எதற்காகச் சோதித்துப் பார்க்கப் போகிறார்?

ஆனால் குற்றவாளி எப்போதும் பெட்டிதான் என்று சொல்லிவிட முடியாது. செட்டில் உயிரே இல்லையென்றால் முதலில் பார்க்கவேண்டியது ஃபியூஸ். காரின் ஃபியூஸ் பெட்டியில் ஒன்று, பல செட்களின் முதுகில் இன்னொன்று. பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர், சில ரூபாய்தான் விலை. போனால் அதே ஆம்பியரில்தான் போடவேண்டும். (சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிப் போடும் மேதைகளும் உண்டு. ஒயர் எரிந்தால்தான் தெரியும்.) புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது.

கடையில் வாங்கும் செட்களில் வழக்கமாக மஞ்சள் ஒயருக்கு எப்போதும் 12 வோல்ட் வரவேண்டும், சிவப்புக்குச் சாவி போட்டால் மட்டும். கறுப்பு எர்த். காரை அணைக்கும்போதெல்லாம் பதிந்து வைத்த ஸ்டேஷன்கள் மறந்துபோகிறதா? மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கலாம். மாற்றிக் கொடுத்தால் வேலை முடிந்தது.

ஒரு பக்கம் மட்டும் சத்தம் வரவில்லையா? இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். ஊமைத்தனம் மறுபக்கம் போனால் செட்டில் கோளாறு. அங்கேயே இருந்தால் ஸ்பீக்கரோ அதன் ஒயரோதான். ஒயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் செல்லை ஒரு நொடி தொட்டால் நல்ல ஸ்பீக்கர் 'டப்' என்று சொல்லும்.

இத்தனையும் பார்த்த பிறகும் செட்தான் கெட்டது என்றால் தாராளமாக மாற்றலாம். சாதாரண செட் 180க்கு 50 மி.மீ., டபுள் டின் என்றால் உயரம் 100. வாங்குவது சுலபம், மாட்டுவதில்தான் அக்கிரமம் நடக்கிறது. கார் கம்பெனி கொடுத்த பிளக்கைக் கத்தரித்து, ஒயர்களை முறுக்கி, டேப் சுற்றிவிடுகிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் அந்த டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும். பெரும்பாலான செட்களில் ஸ்பீக்கரின் நெகடிவ் ஒயர்கூட பாடியில் படக்கூடாது, பட்டால் புது செட்டின் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம். வெட்டாமல் மாட்ட அந்தந்தக் காருக்கான அடாப்டர் பிளக் கிடைக்கிறது. "இதெல்லாம் தேவையில்லை சார்" என்று கடைப்பையன் சொன்னாலும் கேட்டு வாங்கிப் போடவேண்டும். புதிய கார்களில் திரையோடு ரிவர்ஸ் கேமராவும் சேர்ந்தே வருவதால், பிளக் போனால் பாட்டோடு நிற்காது, கேமராவும் போகும்.