மூடியபின் யார் காண்பார்?

இங்கிலாந்தின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் 1936ஆம் ஆண்டு முதன்முதலாகப் பறந்தது. அதனை 72இல் ஒரு பங்காகச் சுருக்கிப் பிளாஸ்டிக்கில் உருவாக்கி மகிழ்வோர் இன்றும் பல நாடுகளில் உளர். கடையில் விற்கும் பாகங்களை ஒட்டுவதோடு அமையாது, விமானி அமரும் அறையைத் தம் கையாலேயே ஆக்குவோர் அவருள் சிலர்.

அப்பணி எளிதன்று. விமானியின் எதிரேயுள்ள நடுப்பலகையில் வேகம், உயரம், திசை முதலியன காட்டும் ஆறு கருவிகள் உள்ளன. ஏறத்தாழ 8 செ.மீ. விட்டமுடைய கருவிமுகம் இங்கே ஒரு மில்லிமீட்டர் அளவினதாகிவிடும். நெம்புகோலுக்குச் சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் இழை, குழாய்களுக்குச் செப்புக்கம்பி, இருக்கை வார்களுக்கு மெல்லிய ஈயத்தகடு. இவ்வளவும் அமைத்து, விமான உடலின் இரு பாதிகளையும் ஒட்டிவிட்டால், சிறு திறப்பின் வழியே செய்தவற்றுள் பாதியும் தெரியாது.

“தெரியாததற்கு ஏன் இவ்வுழைப்பு?” என வினவலாம். பிறர் காண்பதற்காக மட்டும் செய்வது ஒப்பனை. காணமாட்டார் எனத் தெரிந்தும் பிழையறச் செய்வதே கல்வி என்பது என் துணிபு.

நம் மாணவர்க்குக் கடையில் கிடைக்கும் பாகங்கள் வினாவிடை நூல்கள். அவற்றை மனனம் செய்தே பட்டம் பெறுவோர் உளர். மூலநூலைத் திறவாமலே அடிக்குறிப்பு எழுதும் ஆய்வாளரும் உளர். என் எம்.ஃபில். ஆய்வேட்டிலும் அத்தகைய அடிக்குறிப்பு ஒன்று உண்டு. கண்டவர் எவருமிலர், நான் மறந்ததுமில்லை.

ஒட்டி மூடுமுன் உள்ளே ஒருமுறை நோக்குவோம்.