அளந்த பிறகே ஒளி

பாலிடெக்னிக்கில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் சகோதரியின் மகன், சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதான ஒரு உலோகக் குப்பியை என் மேஜைமேல் வைத்து, "மாமா, இதுவும் போச்சு. டிரைவர்தான் சரியில்லை, ரிச்சி தெருவுக்குப் போய் வேற வாங்கணும்" என்றான். டார்ச் விளக்கின் கூட்டுக்குள் அவனே கட்டிய நீல லேசரில் எரிந்துபோன இரண்டாவது டயோடு அது. மின்சாரம் கொடுத்தால் இன்னமும் மங்கலாக ஒளிர்ந்தது. ஆனால் உள்ளிருக்கும் ஒளியை முன்னும் பின்னும் திருப்பி அனுப்பி வளர்க்க வேண்டிய படிகத்தின் முகப்பு பொசுங்கிவிட்டபடியால், சில ஆயிரம் ரூபாய் பெறுமானமுள்ள அந்தப் பொருள், ஐந்து ரூபாய் எல்.இ.டி. விளக்கின் ஸ்தானத்துக்கு இறங்கிவிட்டது.

1960-ல் கலிபோர்னியாவின் மாலிபுவில் தியடோர் மைமன் மாணிக்கப் படிகத்திலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பியபோதும், 1962-ல் ராபர்ட் ஹால் காலியம் ஆர்சனைடு என்னும் குறைக்கடத்தியில் நேராக மின்சாரத்தைச் செலுத்தி அதையே சாதித்தபோதும், இந்த வித்தை பெரிய ஆராய்ச்சிக் கூடங்களின் சொத்தாகவே இருந்தது. ஜப்பானில் ஷுஜி நாகமுரா 1990-களில் காலியம் நைட்ரைடைக் கொண்டு நீல லேசரை உண்டாக்க, பின்னர் புரொஜெக்டர்களுக்காக வாட் கணக்கில் ஒளி உமிழும் டயோடுகள் பெருகியபின், அது மாணவனின் சட்டைப் பைக்கே வந்து சேர்ந்துவிட்டது. சக்தி வந்து சேர்ந்த வேகத்தில், அதை அளந்து பார்க்கும் சிரத்தை வந்து சேரவில்லை என்பதே என் கவலை.

லேசர் டயோடின் சுபாவத்தை முதலில் அறிய வேண்டும். பழைய குண்டு பல்பு, சூடேற ஏறத் தன் மின்தடையை உயர்த்திக்கொண்டு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். டயோடுக்கு அந்த விவேகம் கிடையாது. அதன்மேல் விழும் மின்னழுத்தம் இம்மியளவு உயர்ந்தாலும் மின்னோட்டம் பன்மடங்கு பெருகிவிடும் என்பதனால், இவ்வளவு ஆம்பியருக்கு மேல் போகாதே என்று தடுத்து நிறுத்த ஒரு காவலன் அதற்கு வேண்டியிருக்கிறது. அந்தக் காவலனே டிரைவர்.

ஒற்றை லித்தியம் செல் தருவது சுமார் 3.7 வோல்ட், நீல டயோடு கேட்பதோ 4.4 வோல்டும் 3 ஆம்பியரும். ஆகவே டிரைவர் அழுத்தத்தை உயர்த்திக் கொடுக்க வேண்டும். டயோடுக்குப் போகும் 13 வாட்டோடு நடுவில் ஆகும் சேதாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், செல்லிலிருந்து ஏறக்குறைய 15 வாட் எடுக்கிறது. அதாவது, நாலு ஆம்பியருக்கு மேல். செல்லின் அழுத்தம் 3 வோல்டாகத் தணிந்தால் டிரைவர் தன் கோரிக்கையைக் குறைப்பதில்லை. அதே வாட்டை நிறைவேற்ற 5 ஆம்பியரைப் பறிக்கிறது. அதனால் அழுத்தம் இன்னும் தணிகிறது. தணியத் தணிய இன்னும் பறிக்கிறது. களைத்து நிற்கும் மாட்டின்மேல் மேலும் ஒரு மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பான காரியம் இது.

பையனிடம் நான் சொன்னது ஒன்றுதான்: "வாங்குவது இருக்கட்டும், முதலில் அளந்து பார்ப்போம்." ஆறு ஆம்பியர் தாங்கும் சாதாரண ரெக்டிஃபயர் டயோடுகள் ஐந்தையும், 0.1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும் வரிசையாகப் பற்றவைத்து, லேசர் டயோடு இருக்க வேண்டிய இடத்தில் அந்த வரிசையை டம்மி லோடாக, அதாவது போலிச் சுமையாக, இணைத்தோம். ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மல்டிமீட்டர் 0.3 வோல்ட் காட்டினால் 3 ஆம்பியர் ஓடுகிறதென்று பொருள். சரியாக அதையே காட்டியது. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட டிரைவர் நிரபராதியாக நின்றது. ஆனால் செல்லின் முனைகளில் 3.7 வோல்ட் இருக்க, டிரைவரின் வாயிலில் 2.9 வோல்ட்தான் இருந்தது. நடுவழியில் 0.8 வோல்ட் எங்கே போயிற்று? பின்மூடியில் இருந்த மெல்லிய ஸ்பிரிங்கில் போயிற்று. நான்கு வாட்டுக்கு மேற்பட்ட உஷ்ணத்தை அந்தச் சுருள் தாங்கித் தாங்கி, நுனி கறுத்து, முறுக்குத் தளர்ந்து, செல்லைத் தொட்டும் தொடாமலும் நின்றிருந்தது.

தொடர்பு ஒரு கணம் அறுந்து மறுகணம் ஒட்டும்போது, மின்சாரம் குறைந்துவிட்டதென்று எண்ணிய டிரைவர் தன் முழுப் பலத்தையும் பிரயோகித்து, நிதானத்துக்கு வருவதற்குள் அளவுக்கு மீறிய ஓட்டத்தை டயோடுக்குள் தள்ளிவிடக்கூடும். டயோடின் காலில் வைத்த ஈயம் சரியாகப் பற்றாதிருந்தாலும் இதே விபத்துதான்: சுமையில்லாமல் உயர்ந்த அழுத்தம் டிரைவரின் கபாசிட்டரில் தேங்கி நின்று, தொடர்பு கிடைத்தவுடன் ஒரே பாய்ச்சலாய் இறங்கும். படிகம் பொசுங்க அந்த ஒரு கணம் போதும். ஸ்பிரிங்கின் குறுக்கே பின்னல் செம்புக் கம்பி ஒன்றைப் பற்றவைத்து, மூடியின் மரையைத் துடைத்து, டிரைவரின் முதுகைச் செம்புக் கட்டி ஒன்றோடு சேர்த்துச் சூடு இறங்க வழி செய்தபின், வாயிலில் 3.5 வோல்ட் அசையாமல் நின்றது. புது டயோடைப் பற்றவைக்குமுன், கபாசிட்டரின் முனைகளை இணைத்து மிச்சத்தை வடிக்கும்படியும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

இத்தனை பரீட்சையிலும் ஒரு துளி லேசர் ஒளிகூட வெளியே வரவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். அரை வாட்டுக்கு மேற்பட்ட லேசரை நான்காம் வகுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். கண்ணில் நேராகப் பட்டால் மட்டுமன்றி, எதிரில் உள்ள கண்ணாடியிலோ கதவின் கைப்பிடியிலோ பட்டுத் திரும்பினாலும் விழித்திரையைச் சுட்டுவிடும். கண் இமைக்கக் கால் விநாடி ஆகிறது. காயம் படுவதற்கோ அவ்வளவு அவகாசம் தேவையில்லை. பழுது பார்க்கும் நேரத்தில்தான் மூடி திறந்திருக்கும், லென்ஸ் கழன்றிருக்கும், கவனம் கம்பிகளின்மேல் இருக்கும். அந்த நேரத்தில் உண்மையான டயோடை எரியவிட்டுப் பார்க்கிறவன், பொருளை மட்டுமா பணயம் வைக்கிறான்? டம்மி லோடு டயோடைக் காப்பாற்றுகிறது. அதே செய்கையால் கண்ணையும் காப்பாற்றுகிறது.

ஆகையால் இத்தகைய பிள்ளைகளின் ஆர்வத்தைத் திட்டி அடக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. நம் செய்முறை வகுப்புகளில், சரியாக இயங்கும் சுற்றைக் கட்டிக் காட்டினால் மதிப்பெண் கிடைக்கிறது. இயங்காத சுற்றை முன்னே வைத்து, பழுது எங்கே என்று அளந்து சொல்லும்படி கேட்பதில்லை. வாரத்தில் ஒரு வகுப்பாவது அதற்கென்று ஒதுக்கவேண்டும். அதோடு, இவ்வளவு வலிமையுள்ள ஒளியைக் கையில் ஏந்தி வீசும் பொருளாகச் செய்வது எனக்கு உடன்பாடன்று. மேஜைமேல் நிலையாகப் பொருத்தி, மூடிய பெட்டிக்குள், அந்த அலைநீளத்துக்குரிய காப்புக் கண்ணாடியை அணிந்துகொண்டே அதைப் பயன்படுத்த வேண்டும்.

நான் சொன்னதில் பாதியை என் மருமகன் ஒப்புக்கொண்டான். கைவிளக்கு ஆசை அவனுக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் போன வாரம் அவன் அறைக்குப் போனபோது, புதிய டயோடு வாங்கிய உறையோடு பிரிக்கப்படாமல் இருந்தது; மேஜைமேல் டம்மி லோடு மல்டிமீட்டரோடு இணைந்திருக்க, பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் நிமிஷத்துக்கு ஒன்றாக வோல்ட் கணக்கை எழுதிக்கொண்டிருந்தான்.