செங்கல் வீடா, செங்கல் ஒட்டிய வீடா?

சென்னை, கோவை புறநகர்களில் 'செங்கல் வில்லா' என்றால் இப்போது தனி மவுசு. பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை, மண்வாசனை, இயற்கையோடு இணைந்த வாழ்க்கை... விளம்பரத்தைப் படித்தால் கண்ணில் தண்ணீரே வந்துவிடும். ஆனால் பல இடங்களில் வேலை நடக்கும்போது எட்டிப் பார்த்தால்தான் தெரியும் சேதி. கான்கிரீட் தூண், கான்கிரீட் பீம், நடுவே சிமென்ட் பிளாக், அதன்மேல் பூச்சு. அந்தப் பூச்சின்மேல் அரை அங்குலச் செங்கல் ஓட்டைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். இதற்குப் பெயர் செங்கல் வீடாம்!

கேட்டால் எல்லாரும் கை காட்டுவது லாரி பேக்கரை. பாவம் அந்த மனிதர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து, 1945-ல் இந்தியா வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே மறைந்தவர். அவர் சுவரைப் பூசாமல் விட்டது அழகுக்காக மட்டும் இல்லை, காசு மிச்சமாகும் என்பதற்காக.

அவர் பரப்பிய 'எலிப்பொறி' கட்டு முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்குவார்கள். ஒன்பது அங்குலச் சுவருக்குள்ளே பொந்து விழும். சுமார் 25 சதவீதம் செங்கல் மிச்சம், சாந்தும் குறைவு. பொந்துக்குள் அடைபட்ட காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். தளத்தின் கீழ்ப்பகுதியில் கான்கிரீட் பெரிதாகச் சுமை தாங்குவதில்லை என்பதால், அந்த இடத்தில் பழைய கூரை ஓடுகளை வைத்து நிரப்பினார். இப்படி ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு செலவு காணாமல் போகும்.

வில்லாவில் என்ன காணாமல் போகிறது? ஒன்றும் இல்லை! பிளாக், பூச்சு எல்லாம் அப்படியே இருக்க, ஓடும் பசையும் கூடுதல். செலவைக் குறைக்க வந்த பொருளையே செலவுக் கணக்கில் புது வரியாக எழுதி, அதற்கும் இருபது வருஷம் வட்டி கட்ட வைக்கிறார்கள். பேக்கர் முறையில் சிமென்ட், கம்பி குறையும். நல்ல கொத்தனாரின் கூலி கூடும். அதாவது பணம் உள்ளூர்க் கைகளுக்குப் போகும். சதுர அடிக்கு ரேட் பேசுபவருக்கு இதில் என்ன லாபம்?

"நாலு மாடிக்குத் தூண் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். ஆனால் ஒரு குடும்பம் இருக்கும் ஒரு மாடி வீட்டை, ஒழுங்காகக் கட்டினால், செங்கல் சுவரே தாங்கும். "சூளை வயல்மண்ணைத் தின்கிறதே?" என்பது இன்னும் நல்ல கேள்வி. ஆமாம், தின்கிறது. மண்ணைத் தோண்டி, நெருப்பில் சுட்டு, கடைசியில் அதைச் சுவருக்குப் பவுடர் பூசவா பயன்படுத்துவது?

வில்லா பார்க்கப் போகிறவர்கள் விற்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இந்தச் செங்கல்லை உரித்து எடுத்துவிட்டால் வீடு நிற்குமா?"

"தாராளமா நிற்கும் சார்" என்று பெருமையாகவே பதில் வரும்.