கூண்டு ஏற்றாத புயல்

தோழனே!

கடலூர்த் துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றுவதைக் கண்டிருப்பாய். கூண்டு ஏறியதும் வலை கரைக்கு வரும், படகு கட்டுக்கு வரும். காற்று அடிக்கப் போகிறதென்று படகைக் கால் விலைக்கு விற்றுவிட்டு எந்த மீனவனும் ஓடுவதில்லை. பங்குச் சந்தை என்றொரு கடல் இருக்கிறதே, அங்கே கூண்டும் ஏற்றமாட்டார்கள்; அடித்து முடிந்த பிறகுதான் அது புயல் என்றே தெரியும்!

4-6-2024 நினைவிருக்கிறதா? எப்படி மறப்பாய்! சிதம்பரம், கடலூர் உட்பட நாடெங்கும் வாக்குகள் எண்ணப்பட்ட நாள். சுற்றுக்குச் சுற்று முன்னணி நிலவரம் கேட்டு நீ நின்றிருந்த வேளையிலே, மும்பையில் வேறோர் எண்ணிக்கை நடந்தது. முதல் நாள் கருத்துக் கணிப்பைக் கேட்டுக் களிநடம் புரிந்து 2,507 புள்ளிகள் ஏறிய சென்செக்ஸ், மறுநாள், பாரதிய ஜனதா தனித்து 272-ஐ எட்டாது, 240 அளவிலேயே நிற்கும் என்றானதும் 4,389 புள்ளிகள் சரிந்து 72,079-இல் முடிந்தது. ஒரே பகலில் ஏறத்தாழ 31 லட்சம் கோடி ரூபாய் மதிப்புக் கரைந்தது. வாக்காளன் மனத்தை எண்ணிப் பார்க்குமுன்பே விலை பேசிவிட்டவர்கள் வியந்து நின்றார்கள். வியப்படைய நமக்கு என்ன இருக்கிறது?

ஆனால் அன்று நம்மவர் ஒருவரும் அடிபட்டார். மஞ்சக்குப்பத்து நண்பர்; கூட்டமென்றால் நாற்காலி போடுவது முதல் நன்றியுரை வரை நிற்பவர். ஆவணியில் மகளுக்குத் திருமணம். அதற்கென்று சேர்த்த தொகை முழுவதும், பங்குகளில் போடும் பரஸ்பர நிதியொன்றில். நண்பகலில் சரிவைக் கண்டார். கை நடுங்க, அத்தனையும் விற்றார். 7-ஆம் தேதியே சந்தை 76,693-க்குத் திரும்பியது. "மூன்றே நாள் பொறுக்கக் கூடாதா?" என்று ஆளுக்கொருவராய்க் கடிந்தனர்.

நான் கடியவில்லை, தோழனே! மூன்று நாளில் மீளும் என்று அன்று அறிந்தவர் யார்? 2008 ஜனவரியில் 21,000-ஐத் தாண்டிய அதே சென்செக்ஸ், அக்டோபரில் 8,000-க்கும் கீழே விழுந்தது. பழைய உயரத்தைக் காண 2010-இன் பிற்பகுதி ஆயிற்று. முகூர்த்தம் இரண்டரை ஆண்டுக்கு மேல் காத்திருக்குமா? அவர் விற்றது பிழையன்று. ஆவணிப் பணத்தை அங்கே வைத்ததுதான் பிழை. தேதி குறித்த பணம் வேறு, தேதி குறிக்காத பணம் வேறு. முன்னதற்கு அஞ்சலகமும் வங்கியும்; பின்னதற்குத்தான் பங்கு.

வங்கியும் விழாதோ என்பாய். விழும். 1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் விழுந்து, நம்பிப் பணம் போட்டவர்கள் தவித்தார்கள். அந்த வேதனையில் பிறந்ததுதான் 1907-இல் தொடங்கிய இந்தியன் வங்கி. இன்று வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு. 2020 முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஐந்து லட்சம் வரை. அதற்கு மேல் உள்ளவன் வங்கியையும் பிரித்துக்கொள்கிறான்.

பிரித்து வைப்பதைப் பண்ணுருட்டிக்காரனிடம் கேள்! 30-12-2011 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறி, பல்லாண்டு வளர்ந்த முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முந்திரி ஒன்றையே நம்பிய வீட்டுக்கும், முந்திரியோடு கறவை மாடும், அஞ்சலகத்தில் சிறு தொகையும் வைத்திருந்த வீட்டுக்கும் மறுநாள் ஒன்றாகவா விடிந்திருக்கும்? (சாய்ந்த மரம் எழாது, குறியீட்டெண் எழுந்திருக்கிறது. ஆயினும் தனியொரு கம்பெனி, சாய்ந்த மரம்போலவே கிடந்துவிடுவதும் உண்டு.)

தேறியவன் செய்வது இது. நூற்றுக்கு அறுபது பங்கில், நாற்பது வைப்பில் என்று வகுக்கிறான். ஏற்றத்தில் அறுபது எழுபத்தைந்தாகிவிட்டால், மிகுந்ததை விற்று வைப்பில் சேர்க்கிறான். சரிவில் அது நாற்பத்தைந்தானால், வைப்பிலிருந்து எடுத்துப் பங்கு வாங்குகிறான். ஆண்டுக்கொருமுறை, அவ்வளவே. ஊரார் ஓடும் திசைக்கு எதிர்த் திசை, ஆனால் ஓடாமல் நடந்து.

நாள்தோறும் ஓடுகிறவர் கதையைச் செபி 2024 செப்டம்பரில் சொல்லிற்று. எதிர்கால ஒப்பந்தம், ஆப்ஷன் என்ற பெயர்களில் மூன்று ஆண்டுகளில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழந்தனர்; மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பாரதக் கதையில் பகடையில் தோற்றவர் ஐவர். இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்று மூவர்! கைப்பேசியில் "உறுதியான லாபம்" என்று அழைக்கும் குரலைச் சகுனி என்று நான் சொல்ல வேண்டுமா?

நண்பர் மகள் திருமணம் ஆவணியிலேயே நடந்தது. குறைந்த தொகைக்கு மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. அண்மையில் சிதம்பரம் மேலவீதியில் சந்தித்தபோது, பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் காட்டினார். நடுவே கோடு, இடப்பக்கம் 'தேதி உள்ளது', வலப்பக்கம் 'தேதி இல்லாதது'. இடப்பக்கத்தின் முதல் வரி: சங்கிலி மீட்க — தை.