ஒரு குடம் தண்ணீர்

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ மனை வாங்கி வீடு கட்டும் சகோதரிகளுக்கு இந்த வாரம் ஒரு வார்த்தை.

தளம் போடுகிற நாளன்று, "கலவை கெட்டியா இருக்கும்மா, இன்னும் ஒரு குடம் ஊத்தட்டுமா?" என்று மேஸ்திரி கேட்பார். தண்ணீர்தானே, காசா பணமா என்று நீங்களும் தலையை ஆட்டிவிடுவீர்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது!

50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்று இறுகிக் கல்லாகும்போது, அதனுடன் ரசாயன முறையில் சேருகிற தண்ணீர் ஏறக்குறைய 12 லிட்டர்தான். அவ்வளவு மட்டும் விட்டால் கலவை மசியாது என்பதால் 25 லிட்டர் வரை விடுகிறார்கள். அதற்கு மேலும் 15 லிட்டர் குடம் ஒன்றைக் கவிழ்த்தால்? அதிகப்படித் தண்ணீர் பிறகு ஆவியாகிப் போகும். போன இடமெல்லாம் நுண்ணிய துவாரங்கள் மிஞ்சும். தளத்தின் பலம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். துவாரங்களின் வழியே ஈரம் கம்பியை எட்டும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும். ஒரு நாள் காரை பெயர்ந்து தலையில் விழும். தண்ணீர் ஏற ஏற பலம் இறங்கும் என்ற இந்தக் கணக்கை, அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் 1918-லேயே சொல்லிவிட்டார்.

சரி, கெட்டிக் கலவை கம்பிகளுக்கு நடுவே இறங்க வேண்டாமா? அதற்குத்தான் பிளாஸ்டிசைசர் என்னும் திரவம்.

சிமெண்ட் துகள்கள் தண்ணீர் பட்டதும், கைகோத்து வட்டமிடும் குழந்தைகளைப் போல ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. நடுவில் கொஞ்சம் தண்ணீர் சிறைப்பட்டுவிடுகிறது. இந்தத் திரவம் துகள்களின் மேல் படிந்து, எல்லாவற்றுக்கும் ஒரே வகை மின்னூட்டத்தைக் கொடுக்கிறது. உடனே அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. சிறைப்பட்ட தண்ணீர் விடுதலையாகிறது. கலவை இளகி ஓடுகிறது. மரத்திலிருந்து காகிதக் கூழ் செய்கையில் கிடைக்கும் கழிவிலிருந்துதான் முதலில் இதைத் தயாரித்தார்கள். இதைக் கொண்டு தண்ணீரை நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை குறைக்கலாம்.

1960-களில் ஜப்பானில் கெனிச்சி ஹட்டோரி இதன் அண்ணனைக் கண்டுபிடித்தார்: சூப்பர் பிளாஸ்டிசைசர்! இன்றைய புது ரகங்களில் தண்ணீரை நூற்றுக்கு 30 பங்கு வரைகூடக் குறைக்க முடிகிறது. இவற்றின் மூலக்கூறுகள் பிரஷ் மயிரைப் போல நீட்டிக்கொண்டு நின்று துகள்களை அண்டவிடுவதில்லை. பூந்தமல்லிக்குப் போகும் மெட்ரோ ரயிலின் உயர்ந்த தூண்களைப் பார்த்திருப்பீர்களே! அத்தகைய கம்பி நெருக்கத்துக்குள் பலமான கலவையை இறக்க இப்படிப்பட்ட திரவங்களே கைகொடுக்கின்றன.

ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. திரவத்தை ஊற்றிவிட்டு, பழையபடியே தண்ணீரையும் ஊற்றினால் பலம் கூடாது. டப்பாவில் ஐ.எஸ். 9103 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்ன அளவை மீறினால் ஜல்லி தனியே பிரியும், இறுகவும் தாமதமாகும். ரெடிமிக்ஸ் லாரி வெயிலிலும் நெரிசலிலும் தாமதமாகி வந்து, கலவை இறுகியிருந்தால், குழாயைத் திறக்க விடாதீர்கள்; கம்பெனியின் ஆளை அழைத்துச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தளம் இறுகிய பிறகு பாத்தி கட்டிப் பத்து நாள் தாராளமாகத் தண்ணீர் நிறுத்துங்கள். அது வரைக்கும், மேஸ்திரி எவ்வளவு கெஞ்சினாலும் குடம் உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்!