முதலில் ஷிப்டைக் கேளுங்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து வீடுகளுக்குப் போகும் நம் துறையினர், படுக்கையில் விழுந்த முதியவரைப் பார்த்துக் குறிப்பெடுக்கும்போது வழக்கமாக ஒரு கேள்வி கேட்கிறார்கள்: "வீட்லயே வெச்சுப் பாத்துக்கறீங்களா, இல்ல ஹோம்ல சேர்க்கிற எண்ணமா?" இதற்கு எவரும் மனம்திறந்து பதில் சொல்வதில்லை. சொந்தபந்தம் என்ன பேசும் என்ற பயத்தில், "நாங்களே பாத்துக்கறோம்" என்று சொல்லிவிடுகிறார்கள். நாமும் அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்த வட்டாரத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட்?

1990-களின் பிற்பாதியில் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. பிறகு சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் ஆலைகள் பெருகின. ஏரிப்பாசனத்தையும் ஆடுமாட்டையும் நம்பியிருந்த ஊர்களில் இப்போது கம்பெனி பஸ் வரும் நேரமே வீட்டின் நேரம். மகனுக்கு ஒரு ஆலை, மருமகளுக்கு இன்னொன்று. பல இடங்களில் ஷிப்ட் சுழற்சியாக மாறிக்கொண்டே இருக்கும். இந்த வாரம் பகலில் ஆள் இருக்கும் வீட்டில் அடுத்த வாரம் பகலில் இருப்பவர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர். அவரை 'வீட்டில் இருப்பவர்' கணக்கில் சேர்ப்பது நம் குறிப்பேட்டின் பெரிய பொய்.

மறதிநோய் உள்ளவர்களை எடுத்துக்கொள்வோம். பொழுது சாயும் நேரத்தில் அவர்களில் பலருக்குப் பதற்றம் கூடும். "என் வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டு வாசலிலேயே நின்று அடம்பிடிப்பார்கள், தெருவில் இறங்கி நடப்பார்கள். இரண்டாம் ஷிப்ட் ஓடும் நேரமும் இதுதான். வீட்டில் மிச்சமிருப்பது பள்ளிவிட்டு வந்த பேரப்பிள்ளை. அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பராமரிப்புத் திட்டத்திலும் இருக்காது. காலை பத்து மணிக்குப் போய்ப் பார்க்கும் நாம் அமைதியாக உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் பார்த்துவிட்டு, 'நிலைமை சீர்' என்று எழுதிவிடுகிறோம்.

ஷிப்ட் தெரிந்தால் அடுத்தது வேலைகளைப் பிரிப்பது. ஊட்டிவிடுவது, பேச்சுக் கொடுப்பது, கோயிலுக்குக் கைபிடித்துக் கூட்டிப்போவது போன்றவற்றை வீட்டார் செய்வதற்கு ஈடே இல்லை. படுக்கைப்புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவது, மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துவது, சிறுநீர்க் குழாயைக் கவனிப்பது ஆகியவற்றுக்குப் பயிற்சி வேண்டும். அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது எவ்வளவு பாசமுள்ள மகனுக்கும் பன்னிரண்டு மணி நேர ஓவர்டைமுக்குப் பிறகு முடியாது. குடும்பமா தொழில்முறைப் பராமரிப்பா என்று ஒட்டுமொத்தமாகத் தேர்வு செய்யச் சொல்லாமல், எந்த நேரத்துக்கு எந்த வேலைக்கு யார் என்று உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தால் வீட்டாரின் குற்ற உணர்வும் பாதி குறைகிறது. தூங்காமல் கிடக்கும் மருமகளின் ரத்த அழுத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

இங்கே பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பது அரிது என்பது நமக்குத் தெரியும். ஏஜென்சிகளைக் குறை சொல்வது எளிது. 'ஹோம் நர்ஸ்' என்று அனுப்பப்படும் பெண்களில் பலர் நர்ஸ் படித்தவர்கள் அல்லர் என்பதும் உண்மைதான். ஆனால் பிளஸ் டூ முடித்த ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். ஆலைக்குப் போனால் பஸ், சாப்பாடு, இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். அடுத்தவர் வீட்டில் இரவுபகலாக மலம் அள்ளும் வேலைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? பராமரிப்புப் பணியாளருக்கு ஆலைத் தொழிலாளிக்கு உள்ள பாதுகாப்பாவது கிடைக்காதவரை, நாம் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தினாலும் படித்து முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸில்தான் ஏறுவார்கள். அந்த விடுதிப் பெண்களுக்கும் ஊரில் வயதாகிக்கொண்டிருக்கும் அப்பா அம்மா உண்டு என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வாசலுக்குக் கொண்டுவருகிறது. பிசியோதெரபியும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பெற்றோர் ஜீவனாம்சம் கேட்கலாம். அந்தச் சட்டம் வகுத்த உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். ஆனால் இங்கே பல வீடுகளில் குறைவது பணத்தைவிட ஆள். அந்த வகையில் 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 'அன்புச்சோலை' பகல்நேர மையங்கள் சரியான திசையில் வைத்த அடி. பகலில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப்போகும் மையம், ஜெனரல் ஷிப்ட் குடும்பத்தைக் காப்பாற்றும். மற்ற இரண்டு ஷிப்டுக்காரர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வியை ஆலைகளிடமும் கேட்டாக வேண்டும். முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அது எழுதப்பட்டபோது முதியோர் எண்ணிக்கை ஒரு பொருட்டாக இருக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழகத்தில் அறுபதைக் கடந்தவர்கள் சுமார் 10.4 விழுக்காடு, 2031-இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அரசின் கணிப்பு. ஒவ்வொரு ஆலையும் முதியோர் இல்லம் கட்ட வேண்டியதில்லை. சிப்காட் வளாகத்துக்கு ஒன்றாக, மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கும் பராமரிப்பு மையத்தைப் பல ஆலைகள் சேர்ந்து நடத்தலாம். அதுவரை, படுக்கையில் பெற்றோர் இருக்கும் தொழிலாளிக்கு ஷிப்டை மாற்றாமல் நிலையாக ஒன்றைக் கொடுத்தாலே போதும். செலவில்லாத உதவி அது. ஆலையின் நல அலுவலருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் நோயின் பெயரோடு, எந்த ஷிப்ட் கொடுத்தால் அந்த வீடு சமாளிக்கும் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதன் நகலை, பெயர் நீக்கி, இந்த இதழுக்கு அனுப்புங்கள்.