ஃபுட்பால் போகட்டும், மற்ற ஆட்டங்களை விட்டுவிடுங்கள்

கோடை பிறந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டு ரசிகர்களிடையே ஒரே பேச்சுதான்: அடுத்து எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கான்ஃபரன்ஸுக்குத் தாவும்? ஃப்ளோரிடா ஸ்டேட்டும் கிளெம்சனும் எந்தப் பக்கம் சாயும், நோட்டர் டாம் எப்போது இறங்கிவரும், இப்போது 18 உறுப்பினர்களைக் கொண்ட பிக் டென் இன்னும் எத்தனை பேரைச் சேர்க்கும் என்று ஆளுக்கொரு கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஓர் அணி வென்ற ஆட்டங்களைவிட, அந்த ஊரில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது என்பதே பெரிதாக எண்ணப்படுகிறது. ரசிகர்களைக் குறைசொல்ல நாம் வரவில்லை. தங்கள் அணி நாளை நடுத்தெருவில் நிற்குமோ என்ற அவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால், யார் போவார்கள் என்ற ஊகத்தின் அடியில் இன்னொரு கேள்வி புதைந்து கிடக்கிறது. அமெரிக்க ஃபுட்பால் அணி இடம் மாறினால், நீச்சலும் வாலிபாலும் சாஃப்ட்பாலும் டென்னிஸும் ஏன் அதன் பின்னால் போக வேண்டும்? போகத் தேவையில்லை என்பதே நம் நிலை.

கான்ஃபரன்ஸ் என்பது தங்களுக்குள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. 1896-இல் பிக் டென் உருவானபோது அதில் இருந்தவை மத்திய மேற்குப் பகுதியின் ஏழு பல்கலைக்கழகங்கள். ரயிலில் போய்வரும் தூரம். 1915-இல் பசிபிக் கரையில் தொடங்கிய கூட்டமைப்பின் வழிவந்ததுதான் பேக்-12. அது குலைந்த வேகத்தைப் பாருங்கள். 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு ஜூலையில் கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4 என்ற ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் வெளியேறுவதாக அறிவித்தன. செப்டம்பர் முதல் நாள், பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரையின் பெயரைத் தாங்கிய ஏ.சி.சி.யில் சேர இடம் பெற்றன, அதுவும் ஏழு ஆண்டுகளுக்கு முழுப் பங்கில் 30 சதவீதம் மட்டுமே பெற ஒப்புக்கொண்டு. மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே. இவற்றின் ஆட்டக்காரர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. கார்வாலிஸும் புல்மனும் சிற்றூர்கள், தொலைக்காட்சிச் சந்தையில் அவற்றுக்கு விலை இல்லை, அவ்வளவுதான்.

இத்தனைக்கும் காரணம் ஃபுட்பால் ஒளிபரப்புப் பணம். 2022 ஆகஸ்டில் பிக் டென் மூன்று நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அந்தப் பணத்தைக் கொண்டுவரும் ஆட்டத்துக்குத் தூரம் பெரிய சுமையும் அல்ல. ஃபுட்பால் அணி வாரத்துக்கு ஒருமுறைதான் ஆடுகிறது. கான்ஃபரன்ஸுக்குள் வெளியூர் ஆட்டம் ஒரு பருவத்துக்கு நான்கோ ஐந்தோதான். தனி விமானத்தில் போய்த் திரும்பிவிடலாம். வாலிபாலும் சாஃப்ட்பாலும் அப்படியல்ல. வாலிபால் அணி பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடும். சாஃப்ட்பால் அணி ஒரு பருவத்தில் ஐம்பதுக்கும் மேல். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்கு ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர். நேர வேறுபாடு மூன்று மணி. இதைத் தாண்டிப் போய் ஆடி, திரும்பிவந்து காலை வகுப்பில் உட்கார வேண்டியவர்கள் பத்தொன்பது, இருபது வயது மாணவர்கள். யு.சி.எல்.ஏ.யின் மாற்றத்துக்கு 2022 டிசம்பரில் இசைவு தந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆட்சிக் குழுவினரான ரீஜென்ட்கள், உணவு, மனநலம், படிப்பு உதவி, பயணம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். பாதிப்பு வரும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

ஃபுட்பாலைத் தனியே பிரிப்பது நடக்கக்கூடிய காரியமா என்று கேட்பவர்களுக்கு விடை கண்ணெதிரே இருக்கிறது. நோட்டர் டாம் ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் இல்லை. அதன் ஐஸ் ஹாக்கி பிக் டென்னில், மற்ற பெரும்பாலான ஆட்டங்கள் ஏ.சி.சி.யில். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பிக் டென்னில் ஆடுவது லக்ராஸ் ஒன்றைத்தான். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் தெளிவானது. அது 2020-இல் ஃபுட்பாலைத் தனியே நிற்கவிட்டு, கூடைப்பந்தே உயிர்நாடியான பழைய பிக் ஈஸ்ட்டுக்குத் திரும்பியது. அதன் ஆண்கள் அணி 2023, 2024 ஆகிய ஆண்டுகளிலும், பெண்கள் அணி 2025-இலும் தேசியப் பட்டம் வென்றன. யு.சி.எல்.ஏ.யின் ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த சிப் கெல்லியே 2023 டிசம்பரில், ஃபுட்பாலைப் பிரித்துவிட்டு மற்றவற்றைப் பழைய வட்டாரத்திலேயே விடலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். புதிய கான்ஃபரன்ஸால் பயனடையப்போகும் ஆட்டத்தின் பயிற்சியாளர் அவர் என்பதால் அந்தப் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு.

ஃபுட்பால்தான் வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறது, அதைப் பிரித்தால் மற்றவை பட்டினி கிடக்கும் என்பது வலுவான மறுப்பு. ஆனால் நாம் பிரிக்கச் சொல்வது ஆட்ட அட்டவணையை, பணப்பெட்டியை அல்ல. ஒளிபரப்புப் பணம் வந்து சேர்வது பல்கலைக்கழகத்துக்கு. அதை எந்த ஆட்டத்துக்குச் செலவிடுவது என்பதும் பல்கலைக்கழகத்தின் முடிவே. சொல்லப்போனால், பயணச் செலவு குறைந்தால் அந்தப் பணம் இன்னும் அதிகம் பயன்படும். அந்தச் சேமிப்புக்கு இப்போது தேவையும் கூடியிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் ஆட்டக்காரர்களுக்கு முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாகத் தரலாம். அந்தப் பணத்துக்காகக் கத்தி முதலில் விழப்போவது டென்னிஸ், நீச்சல் போன்றவற்றின் மீதுதான். ஒலிம்பிக்குக்கு ஆளனுப்புபவை இத்தகைய ஆட்டங்கள்தான்: பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்டான்ஃபோர்டோடு தொடர்புடையவர்கள் மட்டும் வென்ற பதக்கங்கள் 39. அந்த விளைநிலத்தைத்தான் கண்டம் விட்டுக் கண்டம் ஓடவைப்பதுபோல் அலைக்கழிக்கிறார்கள். பெண்கள் ஆட்டங்கள் புறக்கணிக்கப்படும் என்ற அச்சமும் சொல்லப்படுகிறது. சம வாய்ப்பைக் கோரும் 1972-ஆம் ஆண்டின் டைட்டில் ஒன்பது சட்டம் பல்கலைக்கழகத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. கான்ஃபரன்ஸ் மாறினாலும் அந்தக் கடமை மாறாது. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறோம். ஆண்கள் கூடைப்பந்துக்கும் ஒளிபரப்பில் நல்ல விலை உண்டு. அதைப் பிரிப்பது எளிதல்ல, சில இடங்களில் அது ஃபுட்பாலோடு போக நேரலாம்.

கான்ஃபரன்ஸ்கள் எந்தக் காலத்தில் மாறாமல் இருந்தன என்று கேட்பார்கள். உண்மை, 1914 முதல் இயங்கிய சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் 1996-இல் மறைந்தது. ஆனால் அதன் நான்கு டெக்சஸ் அணிகளையும் சேர்த்து உருவான பிக் 12 அக்கம்பக்கத்து மாநிலங்களின் கூட்டு. வேலி தாண்டுவது வேறு, கண்டம் தாண்டுவது வேறு. இப்போது கண்டம் தாண்ட வைப்பது ஒளிபரப்புச் சந்தை; 1984-இல் உச்ச நீதிமன்றம், ஃபுட்பால் ஒளிபரப்பின் மீது பல்கலைக்கழக விளையாட்டுகளின் தேசிய அமைப்புக்கு இருந்த பிடியை 7–2 என்று தகர்த்தபோது அது திறந்தது.  சந்தையை இனி மூட முடியாது; மூடச் சொல்லவும் இல்லை. அதில் விற்கப்படாத ஆட்டங்களை அதன் விதிக்கு ஏன் பலியிட வேண்டும்?

பிக் டென் ஒப்பந்தம் 2029–30 பருவத்தோடு முடிகிறது. அடுத்த பேரத்துக்கு உட்காரும்போது ஃபுட்பால் உறுப்புரிமையைத் தனியாக எழுதும்படி பல்கலைக்கழகத் தலைவர்களும் ரீஜென்ட்களும் கேட்க வேண்டும். இந்தப் பல்கலைக்கழகங்களில் பல மக்கள் வரிப்பணத்தில் நிற்பவை. போகும் இடமும் தயாராகிறது. கைவிடப்பட்ட ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பாய்ஸி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் உள்ளிட்டவற்றைச் சேர்த்து 2026 ஜூலையிலிருந்து பேக்-12-ஐ மீண்டும் கட்டுகிறார்கள். அவர்கள் அழைத்துக்கொண்டவற்றில் கொன்சாகாவும் ஒன்று. அங்கே ஃபுட்பால் அணியே கிடையாது. கொன்சாகாவுக்கு இடம் உண்டென்றால், ஃபுட்பாலை வேறிடத்தில் ஆடும் யு.சி.எல்.ஏ.யின் சாஃப்ட்பாலுக்கும் ஸ்டான்ஃபோர்டின் நீச்சலுக்கும் அங்கே ஏன் இடம் இருக்கக் கூடாது?